உடம்படுமெய்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கதவும் பூட்டும் இருந்தன. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எண்பதுகளில் விற்ற பெட்டிகளில் பல அப்படித்தான் இருந்தன. மரக்கூட்டுக்குள் கறுப்பு வெள்ளைத் திரை. அதன் முன்னால் இருபுறமிருந்தும் இழுத்து மூடும் மரத்தடுப்பு. நடுவில் சிறு பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் என்று வாரத்தில் இரண்டு வேளைகளில் அது திறக்கப்படும். அம்மா அந்தச் சாவியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கேட்டும் பார்த்ததில்லை.

அது 1988ஆம் ஆண்டு. மேலூருக்குப் பக்கத்தில், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. மாடியில் இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவின் முகத்தை மேற்கே கொடைக்கானல் மலையிலுள்ள ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்தோம். காற்றடித்தால் முகம் விலகிவிடும். அண்ணன் மேலே ஏறித் திருப்புவான். "இன்னுங் கொஞ்சம்... நிறுத்து, நிறுத்து!" என்று உள்ளிருந்து அப்பா கத்துவார். நானும் அம்மாவும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஆன்டெனாவிலிருந்து இறங்கிய தட்டை ஒயரை நான் ஒருமுறை எடுத்துப் பார்த்தபோது, "பொம்பளப்பிள்ள அதைத் தொடாத, கரண்டு அடிக்கும்" என்று அதட்டல் வந்தது. அந்த ஒயரில் வந்துகொண்டிருந்தது ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். எறும்பைக்கூட அது அடித்திராது.

பெட்டியின் முதுகில் வெளியுலகுக்கென்று இருந்தது ஒரே ஒரு வாசல்: ஆன்டெனா ஒயரைச் செருகும் துவாரம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று இன்று நாம் காணும் குழிகள் எவையும் கிடையா. எது உள்ளே வர வேண்டுமானாலும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

அப்படி முதலில் வந்த விருந்தாளி டெக். வீடியோ காசெட் இயக்கும் கருவிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்றால் வீட்டுக்கு வீடு வசூலித்து டெக் வாடகைக்கு எடுப்பார்கள். எம்.ஜி.ஆர். படம் ஒன்று, சிவாஜி படம் ஒன்று, விடியும் வேளைக்குச் சாமி படம் ஒன்று. எங்கள் டிவி மரக்கூட்டோடு களத்துக்குத் தூக்கிச் செல்லப்படும். அன்று மட்டும் பூட்டு விடிய விடியத் திறந்திருக்கும்.

டெக் கொண்டுவரும் அண்ணனுக்கு டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பையன்கள் முன்வரிசையில் இடம்பிடிக்க ஓடிவிடுவார்கள். ஆகவே அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு, டெக்கிலிருந்து வரும் ஒயரை அதே துவாரத்தில் செருகுவார். பிறகு டிவியின் முன்பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து, எட்டுப் பொத்தான்களில் ஒன்றுக்குரிய சக்கரத்தை மெல்ல உருட்டுவார். இரைச்சலுக்குள்ளிருந்து படம் எழுந்து வரும். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "மலையிலருந்து வர்ற ஒயரைக் கழட்டிட்டீங்களேண்ணே, பெறகு எப்படி வருது?" அவர் சிரித்தார். "இந்த டெக்குக்குள்ள ஒரு குட்டிக் கொடைக்கானல் இருக்கு பாப்பா. டிவிக்கு வித்தியாசம் தெரியாது. நிலையத்துலருந்துதான் வருதுன்னு நெனச்சுக்கிரும்."

பின்னாளில் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. காசெட்டிலிருந்து கிடைக்கும் படக்குறிப்பையும் ஒலிக்குறிப்பையும் பழைய டிவி நேராக வாங்கிக்கொள்ளாது. ஒரு நிலையத்தின் அலைவரிசையில் ஏற்றித் தந்தால்தான் வாங்கும். அப்படி ஏற்றித் தரும் சிறு கருவி டெக்குக்குள்ளேயே இருந்தது. அதன் பெயர் மாடுலேட்டர்.

அடுத்து வந்தது கேபிள். சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது; எங்கள் ஊருக்குக் கேபிள் வர 1996 ஆயிற்று. ஆன்டெனா இறங்கியது, அதே துவாரத்தில் கேபிள் ஏறியது. ஆனால் பழைய பெட்டி 2 முதல் 12 வரையிலான நிலைய எண்களுக்கென்று செய்யப்பட்டது. 4க்கும் 5க்கும் இடையிலும் 12க்கு மேலேயும் கிடந்த அலைவெளியில் கேபிள்காரர்கள் புதிய சானல்களை அடுக்கினார்கள். அவையெல்லாம் எங்கள் பெட்டிக்கு எட்டாக்கனி. இந்தச் சிக்கல் சட்டம் வரைக்கும் போனது. தூர்தர்ஷனின் தரைவழிச் சானல்கள் இரண்டையும் மாநில மொழிச் சானல் ஒன்றையும் 'பிரைம் பேண்ட்' எனப்படும் முதன்மை வரிசையில் தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தை 2000இல் திருத்தினார்கள். எங்கள் வீட்டில் இருந்ததைப் போன்ற பெட்டிக்கும் எட்டக்கூடிய வரிசை அது.

2005இல் அப்பா காலமானார். அண்ணன் பிழைப்புக்காகத் திருப்பூர் போனான். நான் மதுரைக்கு வந்துவிட்டேன். பூட்டு வைத்த பெட்டி ஒரு மழைக்காலத்தில் ஓய்ந்துபோனது. தமிழக அரசு 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2009இல் அம்மாவின் குடும்ப அட்டைக்கு வந்தது. திட்டத்தைப் பற்றி அன்று ஆயிரம் விவாதங்கள் நடந்தன. நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதற்கெதிராகப் பேசியவள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் வாழ்க்கையில் அவள் பெயரில் வந்த முதல் மின்சாதனம் அது. கேபிளை நேராகத் துவாரத்தில் செருகினால் போதும், ஒரே ரிமோட். எந்த எண்ணில் எது வரும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெட்டியை அவள் அரசாண்டாள்.

இதற்கிடையே 2011இல் கேபிள் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, டிஜிட்டல் முறை கட்டாயமாயிற்று. சென்னை முதலிய பெருநகரங்களில் தொடங்கிய மாற்றம் 2018இல் எங்கள் ஊரை எட்டியது. கேபிள்காரர் செட்டாப் பாக்ஸைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் இணைத்தேன். மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில். பின்பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்தபடி, அப்பாவும் அண்ணனும் தவிர வேறெவரும் தொடாத வேலையை நான் செய்கிறேன் என்ற பெருமை இருந்தது. படம் முன்பைவிடத் துலக்கமாக வந்தது. "மொதல்ல சுவிட்சு. அப்புறம் இந்த ரிமோட்டுல ஏவி. அப்புறம் அந்த ரிமோட்டுல சானல்" என்று மூன்று நிமிடம் பாடம் நடத்தினேன். அம்மா தலையாட்டினாள். தலையாட்டும் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவள் நான். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய்வந்தால் ஏவியை மறந்துவிட்டு முதல் எண்ணுக்குப் போய் நிற்கும். அங்கே எதுவும் இல்லை. வெள்ளைப் புள்ளிகள் மழையாய்ப் பொழியும். கைநுனி அளவுகூட இல்லாத ஒரு பொத்தான். அதன்மேல் இரண்டு ஆங்கில எழுத்துகள். அதை அமுக்கிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். "அப்பத்தா, இந்தா வந்திருச்சு" என்று ஒரு நொடியில் முடித்துவிட்டு ஓடுவான். 2021இல் அவன் பாலிடெக்னிக் விடுதிக்குப் போய்விட்டான்.

2022 ஏப்ரல் 16, சனிக்கிழமை. பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் வைகைக்கு வராத அழகர் அன்று ஆற்றில் இறங்கினார். எங்கள் சிறுவயதில் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து எதிர்சேவை பார்த்த குடும்பம் எங்களுடையது. முழங்கால் ஒத்துழைக்காத பிறகு அம்மா டிவியில்தான் பார்ப்பாள். சாயங்காலம் போன் செய்தேன்.

"அழகரைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்த்தா. நல்லாப் பாத்தேன்."

"என்ன பட்டு?"

"பச்சைதான்."

அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்கினார் என்பதுதான் எங்கள் பக்கத்தில் அன்றைய தலைப்புச் செய்தி. பச்சை என்றால் வெள்ளாமை நன்றாக இருக்கும். அம்மா சொன்னது சரி.

மறுநாள் ஊருக்குப் போனேன். டிவியின்மேல் பழைய சேலைத்துணி போர்த்தியிருந்தது. செட்டாப் பாக்ஸின் ப்ளக் கழன்று தொங்கியது. வியாழக்கிழமை, மீனாட்சி திருக்கல்யாணத்தன்று காலையில் மின்சாரம் போய்வந்திருக்கிறது. எதையெதையோ அமுக்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். திருக்கல்யாணமும் பார்க்கவில்லை, அழகரையும் பார்க்கவில்லை. பட்டின் நிறம் தெருவில் கேட்டறிந்தது.

"ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தெரியலைன்னு எத்தனை தடவைத்தா சொல்றது?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போட்ட பூட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. யாரிடம் சாவி இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. நான் போட்ட பூட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அதைவிட, அது பூட்டு என்பதே எனக்குத் தெரியவில்லை. படம் துலக்கமாக வர வேண்டும் என்று தீர்மானித்தவள் நான். பார்க்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடிந்ததும் கேட்டேன். "ஒனக்கு எப்படிம்மா இருந்தா நல்லாருக்கும்?" அவள் யோசிக்கவே இல்லை. "சுவிட்சைப் போட்டா படம் வரணும். அணைச்சா நிக்கணும். நடுவுல அது என்னைய ஒண்ணுங் கேக்கக் கூடாது."

மதுரைக்குத் திரும்பும் பேருந்தில்தான் டெக் அண்ணனின் குட்டிக் கொடைக்கானல் நினைவுக்கு வந்தது. ஏவி வாசலால்தானே இத்தனை தொல்லை? செட்டாப் பாக்ஸ் தருவதை அலைவரிசையில் ஏற்றிப் பழைய ஆன்டெனா வாசல் வழியாகவே அனுப்பினால்? மின்சாரம் போய்வந்து டிவி முதல் எண்ணுக்குப் போனாலும், முதல் எண்ணிலேயே படம் காத்திருக்கும்.

டவுன்ஹால் ரோட்டில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். "இப்ப யாரு மேடம் இதெல்லாம் கேக்குறா, எல்லாரும் எல்இடிக்குப் போயிட்டாங்க" என்றார்கள். ஐந்தாவது கடையில் பெரியவர் ஒருவர் பரணிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மாடுலேட்டர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ஒருபக்கம் ஏவி ஒயர்களுக்கான குழிகள். மறுபக்கம் ஆன்டெனா ஒயர்.

அதைக் கையில் வாங்கியபோது நன்னூல் நினைவுக்கு வந்தது; இருபது ஆண்டுகளாக அதை நடத்துபவளுக்கு வேறெது வரும்? நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நின்றால் அவை நேராகச் சேரமாட்டா. நடுவில் யகரமோ வகரமோ தோன்றி இரண்டையும் சேர்த்துவைக்கும். மணியும் ஓசையும் மணியோசை ஆவதும், திருவும் ஆரூரும் திருவாரூர் ஆவதும் அப்படித்தான். அந்த எழுத்துக்கு உடம்படுமெய் என்று பெயர். உடம்படுதல் என்றால் இசைதல், ஒப்புக்கொள்ளுதல். புணர்ச்சி விதியை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சேர்த்துவைப்பதற்கு இரு பக்கத்தின் இசைவும் வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்வதை அன்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நான் செருகுறேன், நீ லைட்டைப் பிடி" என்றாள் அம்மா. எது எங்கே என்று நான் சொல்ல, நிறம் பார்த்து அவளே செருகினாள். டிவியின் முதல் எண்ணில் மாடுலேட்டரின் அலைவரிசையைப் பதிவுசெய்தோம். டிவி, செட்டாப் பாக்ஸ், மாடுலேட்டர் மூன்றும் ஒரே சுவிட்சில். பாக்ஸ் கடைசியாகப் பார்த்த சானலிலேயே விழித்துக்கொள்ளும் வகை. அது எங்கள் அதிர்ஷ்டம். டிவி ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டோம். பிறகு மெயின் சுவிட்சை நான்கு முறை அணைத்துப் போட்டாள் அம்மா. நான்கு முறையும் படம் வந்தது. ஐந்தாவது முறை அணைத்தது விளையாட்டுக்கு என்று நினைக்கிறேன்.

இழப்பு இல்லாமல் இல்லை. இந்த வழியில் படம் சற்று மங்கல். மெல்லிய கோடுகள் கீழிருந்து மேலாக ஊர்கின்றன. தொழில்நுட்பக் கணக்குப்படி நான் ஓர் அடி பின்னால் வைத்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, புது டிவியே வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றார் ஒருவர். கொடுத்திருக்கலாம். அதற்கும் ஒரு ரிமோட் இருக்கும். அதற்கும் ஒரு தலையாட்டல் இருக்கும்.

2023 மே 5ஆம் தேதி காலையில் போன் வந்தது. வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். அன்று அம்மா கூப்பிட்டாள்.

"ஏத்தா, பச்சைப் பட்டுதான். கோடு கோடா ஓடுச்சு, இருந்தாலும் மொகம் தெரிஞ்சுச்சு. நானே பாத்தேன்."