காலையில் பனி, மாலையில் இடி... கோடையில் ஏற்காடு போகிறீர்களா?

சேலத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கும் காலையில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏற்காடு ஏரி மூடுபனியில் மறைந்திருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தின் சலுகை அது. வெயில் ஏற ஏறப் பனி விலகி, புழுக்கம் தொடங்கும். சமவெளியின் சூடான ஈரக்காற்று சேர்வராயன் மலையில் மோதி மேலேறுவதால், பிற்பகலில் ஆங்காங்கே இடியுடன் மழை கொட்டும்.

சுற்றுலா வந்தவர்களுக்கு இது தொந்தரவு. காபித் தோட்டக்காரர்களுக்கோ இதுதான் வாழ்வு. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைக்குப் பிறகே செடிகள் வெள்ளை வெளேரெனப் பூத்து, மல்லிகைபோல் மணக்கும். மழை பொய்த்தால் விளைச்சலும் குறையும்.

எனவே பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் இரண்டையும் மதியத்துக்குள் பார்த்துவிடுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள். மழை விட்டபிறகே மலையிறங்குங்கள். அப்போதும் ஹெட்லைட் எரியட்டும்!