முதலில் என்ன செய்வாய்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் தங்கை மகள் நர்ஸ் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் மூன்று வருஷம், மஸ்கட்டில் ஆறு வருஷம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற என்கிளெக்ஸ் என்ற தேர்வை எழுத வேண்டும். அதற்காக ஐந்து மாதமாக என் வீட்டில் இருந்து படிக்கிறாள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன முறை எழுதினாள், தேறவில்லை. "மறைக்க வேண்டாம் பெரியம்மா, எழுதுங்க" என்று அவளே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கு முன்பே அலைச்சல் ஆரம்பித்துவிட்டது. கல்லூரியிலிருந்தும் நர்சிங் கவுன்சிலிலிருந்தும் காகிதங்கள் நேரடியாகப் போக வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு நான் ஒற்றை எழுத்து இனிஷியல் போட்டு எழுதியிருப்பேன்! வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே சரி செய்துகொள்ளுங்கள்.

கட்டணம் 200 டாலர். இந்தியாவில் உட்கார்ந்து எழுதினால் மேலும் 150. தேறாவிட்டால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம், மறுபடி பணம் கட்டி.

தேர்வு நடக்கும் விதம் எனக்குப் புதுமையாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் கடினமாக்குகிறது, தவறினால் சற்று இறங்கி வருகிறது. முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். இவள் தேறுவாளா மாட்டாளா என்று 95 சதவீதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். நன்றாக எழுதியவர்களுக்கும் கடைசி வரை கடினமான கேள்வியே வருவதால், அவர்களும் அழுதுகொண்டுதான் வெளியே வருவார்களாம்.

தேறாதவர்களுக்கு எந்தப் பகுதியில் எப்படிச் செய்தார்கள் என்று ஓர் அறிக்கை தருகிறார்கள். இவளுக்கு மருந்துகள் பகுதியில் தேவைக்கு மேலே. பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமாலுக்கு அல்பியூட்டரால் என்று பெயர். அதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். நோயாளிகளைக் கவனித்து முடிவெடுக்கும் பகுதியில்தான் தேவைக்குக் கீழே. ஒன்பது வருஷம் வார்டில் நின்ற பிள்ளைக்கு அதில் எப்படிக் குறையும்?

தெரிந்துகொள்ள நானே தினமும் சாயங்காலம் போனைப் பிடித்துக் கேள்விகளை வாசிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரியும். புரியாததை அவள் தமிழில் சொல்வாள்.

ஒரு கேள்வி இது. நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலிக்கிறது என்கிறார். ஒருவருக்கு சர்க்கரை 180. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் 90. தைராய்டு ஆபரேஷன் ஆன ஒருவருக்கு மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. யாரிடம் முதலில் போவாய்?

நம்மூர் வார்டில் வலிக்கிறது என்பவரின் சொந்தக்காரர்கள்தான் முதலில் நர்ஸைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனால் போக வேண்டியது தைராய்டு நோயாளியிடம். மூச்சுப்பாதை அடைபடப் போகிறது என்பதற்கு அந்தச் சத்தம் அடையாளம். நுரையீரல் நோயாளிக்கு 90 எதிர்பார்த்த அளவுதான். இதை நொடியில் சொல்லிவிட்டாள்.

அடுத்த கேள்வி. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம், முதுகு வலி. முதலில் என்ன செய்வாய்? "டாக்டருக்குத் தகவல் சொல்வது" என்பதைத் தொட்டாள். தவறு.

"வார்டுல நீ தனியா நின்னா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன்.

"ரத்தத்தை உடனே நிறுத்துவேன் பெரியம்மா. அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிடுவேன்."

"அதானே சரியான விடை! பின்னே ஏன் இதைத் தொட்டே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி அப்படி நிறுத்தியிருக்கிறாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். காலையில் மேலே இருந்தவர் எல்லார் முன்னாலும், "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று கேட்டாராம். அதிலிருந்து விடைகளில் டாக்டர் என்ற சொல் இருந்தால் கை தானாக அங்கே போகிறதாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "யாரைக் கேட்டு" என்பது என் வாயிலும் இருந்த சொல்தானே.

பல வருஷம் முன்னால் காலை பிரேயரில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. ஐந்தாம் வகுப்பில் இன்னொரு பெண் வரிசையை விட்டு ஓடி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து முகத்தில் தெளித்தாள். நாங்கள் ஆசிரியர்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிரேயர் முடிந்ததும் அவளிடம், "யாரைக் கேட்டு லைனை விட்டுப் போனே?" என்று அதட்டி, முதல் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். ஒழுங்கு கற்றுக்கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு அந்தப் பெண் எதற்கும் முதலில் எழுந்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அவள் இதைப் படிக்கிறாளோ தெரியாது. படித்தால், அன்று நீ செய்ததுதான் சரி அம்மா. டீச்சர் செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

இப்போது எங்கள் வீட்டில் சாயங்காலப் பாடம் மாறிவிட்டது. விடைகளைக் காட்டாமல் கேள்வியை மட்டும் வாசிக்கிறேன். "நீ என்ன செய்வே?" என்று கேட்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் விடைகளைக் காட்டுகிறேன். தவறுகள் குறைந்திருக்கின்றன. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வருகிற புதன்கிழமை சென்னையில் தேர்வு. உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். "பாஸ் ஆயிட்டாளா? எப்போ அமெரிக்கா போறா?" என்று அவளுக்குப் போன் செய்யாதீர்கள். தேறினாலும் இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை வருஷக்கணக்கில் நீளம். கேட்க வேண்டியிருந்தால் என்னைக் கேளுங்கள். அவளுக்கு வாழ்த்து மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்