தடுப்பாட்டக்காரனும் அபிப்ராய மாற்றமும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் பின்வரிசைக்காரன் செய்யும் நல்ல காரியங்களில் பெரும்பாலானவை நடக்காமல் போன காரியங்கள். எதிரணியின் முன்வரிசைக்காரன், தூரத்து உதையிலிருந்து வரும் பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. ஆட்டம் ஒரு கணம் தயங்கி நிற்கும். யாரும் அவனைத் தொடாமல் அவன் கம்பங்களைப் பார்த்து உதைக்கலாம். நடுக் கம்பங்களுக்கிடையே போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. அந்தக் கைகளுக்குப் பந்து வந்து சேர்வதற்குள் பின்னாலிருந்து ஒரு முஷ்டி நீண்டு அதைத் தட்டிவிடுகிறது. அவ்வளவுதான். பந்து புல்லில் உருள்கிறது, வேறு யாரோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், காமிராவும் கூட்டத்தின் கண்களும் அவர்கள் பின்னால் போய்விடுகின்றன. இந்த மாதிரித் தட்டல்களையும், எதிரியின் உதைமீது பாய்ந்து விழுவதையும், சகா ஓடுவதற்காக உடம்பைக் குறுக்கே கொடுப்பதையும் சேர்த்து அவர்கள் 'ஒரு சதவீதங்கள்' என்று கணக்கெழுதுகிறார்கள். பெயரிலேயே மதிப்பீடு இருக்கிறது. வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது புரிய ஆஸ்திரேலியா வரை போகவேண்டியதில்லை; கணக்கு நேரான நாளைப் பற்றி எந்த மேலாளரும் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் பின்வரிசைக்காரனின் தவறு அப்படியல்ல. அது பலகையில் ஏறுகிறது. அவன் கை நழுவிய அடுத்த நிமிஷம் ஆறு என்ற எண் எல்லோருக்கும் தெரியும்படி எரிகிறது. ஒருவனுடைய நல்லது கண்ணில் படாமலும் கெட்டது எண்ணாகவும் பதிவாகும் ஒரு தொழிலில், ஜனங்கள் அவனைப் பற்றி முதலில் கொள்ளும் அபிப்ராயம் எப்படி இருக்கும், அது பிற்பாடு எப்படி மாறும் என்ற கேள்வி எனக்கு அலெக்ஸ் ரான்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

ரான்ஸை நான் பின்னிருந்து முன்னாகப் படித்தவன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு மெல்பர்ன் மைதானம் அந்நியமில்லை. அந்தப் புல்லில் வேறென்ன நடக்கிறது என்ற வேடிக்கையில் 2017 இறுதியாட்டத்தின் பதிவைப் பார்த்தேன். ரிச்மண்ட் 108, அடிலெய்ட் 60. மஞ்சளும் கறுப்புமாக ஒரு லட்சம் பேர். பின்வரிசையில் ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர், தனக்கென்று ஒதுக்கப்பட்ட எதிரியை அம்போவென்று விட்டுவிட்டு, வேறொருவனுக்கு வந்துகொண்டிருந்த பந்தை நோக்கி ஓடுவதையும், அது தனக்கே அனுப்பப்பட்டதுபோல் எடுத்துக்கொள்வதையும் கண்டேன். பிறகுதான் பழைய வருஷங்களுக்குப் போனேன். 2010ஆம் வருஷத்துப் பதிவுகளில் அதே ஆள், அதே ஓட்டம். கூட்டத்தின் சப்தம்தான் வேறு. பந்து அவரிடம் போனால், பால் பொங்கி வழியும்போது அடுக்களையிலிருந்து வருமே, அந்த மாதிரி ஒரு 'ஐயோ'.

அந்த ஐயோவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ரிச்மண்ட் கடைசியாகக் கோப்பையை வென்றது 1980இல். 1990இல் பத்து லட்சம் டாலர் திரட்டாவிட்டால் சங்கத்தையே மூடவேண்டும் என்ற நிலை வந்து, ரசிகர்கள் உண்டியல் குலுக்கிக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு எட்டு அணிகள் மேலே போகும் போட்டியில் ஒன்பதாவதாக வந்து நிற்பது அவர்களைப் பற்றிய நிரந்தரக் கேலியாயிற்று. இந்தச் சங்கம்தான் 2007 டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களைச் சங்கங்கள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டில், இரண்டாவது ஆளாக ட்ரென்ட் காட்சினையும் பதினெட்டாவது ஆளாக மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரான்ஸையும் எடுத்தது. ரான்ஸின் தகப்பனார் முர்ரே ரான்ஸ் 1989இல் வெஸ்ட் கோஸ்ட் அணியின் தலைவராக இருந்தவர். மகன் 2009இல் களமிறங்கினார். அந்த வருஷம் பாதியிலேயே பயிற்சியாளர் போனார். புதிதாக வந்த டேமியன் ஹார்ட்விக்கின் கீழ் 2010இல் அணி முதல் ஒன்பது ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. முப்பது வருஷப் பசியோடு உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு முன்னால், நடுமைதானத்தில் பத்துப் பேர் செய்த தவறு எல்லாம் கடைசியில் வந்து விழுகிற இடத்தில், இருபது வயதுப் பையன் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் பின்வரிசைக்காரன் பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் தானே தள்ளி, எதிரிக்கு ஒரு புள்ளியைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம். 2008 இறுதியாட்டத்தில் ஹாத்தோர்ன் அணி இந்த உபாயத்தைத் திரும்பத் திரும்பக் கையாண்டு ஜெயித்தபின், 2009 முதல் நெருக்கடி இல்லாதபோது வேண்டுமென்றே அப்படிச் செய்தால் தண்டனை என்று விதி வந்தது. ரான்ஸ் உள்ளே வந்த அதே வருஷம் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார்கள். பந்து கையில் இருந்தால் அதைப் பெரும்பாலும் எங்காவது உதைத்துத்தான் ஆகவேண்டும். உதைப்பதுதான் அவருக்கு வராத வித்தை என்று சொல்லப்பட்டது.

2014இல் ரான்ஸ் ஆல்-ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வானார். அதிலிருந்து 2018 வரை வருஷம் தவறாமல் ஐந்து முறை; 2017இல் அந்த அணிக்குத் தலைவர். 2015இல் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஜாக் டயர் பதக்கம். இந்த ஐந்தாறு வருஷங்களுக்குள் எங்கோ அந்த 'ஐயோ' வேறு சப்தமாகிவிட்டது. எங்கே? எந்த ஆட்டத்தில்? தேடித்தான் பார்த்தேன். அப்படி ஒரு ஆட்டம் இல்லை. ஒருவேளை இருக்கவும் முடியாது. முன்வரிசைக்காரன் ஒரே மாலையில் பத்துக் கோல் அடித்துத் தன்னைப் பற்றிய அபிப்ராயத்தை மாற்றிவிடலாம். தடுப்பவனால் அது முடியாது. நடக்காமல் போனவை மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் யாரோ ஒருவர், இந்தப் பக்கமாக யாரும் கோல் போட்டு ரொம்ப நாளாயிற்றே என்று கவனிக்கவேண்டும்.

ஆள் மாறினாரா, பார்த்தவர்களின் கண் மாறிற்றா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் இது. அவர் மாறினார் என்பது உண்மை. நிதானம் கூடிற்று, எப்போது பிடிப்பது, எப்போது முஷ்டியால் தட்டுவது என்ற பேதம் பிடிபட்டது, ஹார்ட்விக் தம் காலத்தில் தாமே பின்வரிசையில் ஆடியவர், அதன் உபயோகம் நிச்சயம் இருந்திருக்கும். 2010இல் முனகியவர்கள் குருடர்களல்ல. பந்து உண்மையாகவே தப்பாகத்தான் போயிற்று. ஆனால் அவருடைய ஆட்டத்தின் மையமான சுபாவம், தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தைத் தேடிப் போகும் அந்தப் பதற்றமோ தைரியமோ ஏதோ ஒன்று, அது முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அப்படியே இருந்தது. இருபது வயதில் அதற்குப் பெயர் பொறுப்பின்மை. இருபத்தேழு வயதில் அதற்குப் பெயர் தீர்க்கதரிசனம். டிலன் கிரைம்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி என்று பக்கத்தில் நின்றவர்கள், அவர் விட்டுப்போன இடத்தைச் சொல்லாமலே வந்து நிரப்பக் கற்றுக்கொண்டபோது, அவருடைய பிழை அவருடைய மேதைமையாயிற்று. சுபாவம் அதேதான். அதைத் தாங்கிக்கொள்ளும் ஒரு வாக்கியம் சுற்றிலும் அமைந்துவிட்டது. புதுக்கவிதையில் ஒரு சொல் முதலில் அபத்தமாகவும், இன்னும் நாலு வரி கழித்துத் தவிர்க்க முடியாததாகவும் தோன்றுவதை நாம் அறிவோம்.

என்னை உறுத்துவது மாற்றமல்ல. மாறியவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவதுதான். நேற்று முனகிய வாயே இன்று கைதட்டுகிறது, நடுவில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், அவனிடம் விஷயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும் என்கிறார்கள். ரசிகர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எலியட் 1936இல் மில்டனைப் பற்றிக் கடுமையாக எழுதினார்; 1947இல் ஒரு சொற்பொழிவில் அதைத் தணித்துக்கொண்டார். முழுக்க வாபஸ் வாங்கவில்லை. இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் நகர்ந்திருக்கிறேன் என்று காட்டினார். பிறகு 1957இல் கட்டுரைத் தொகுதி போட்டபோது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டார். படிக்கிறவன் இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்துக்கொள்ளலாம். லீவிஸ் வேறு ஜாதி. 1948இல் 'தி கிரேட் ட்ரடிஷன்' எழுதியபோது டிக்கன்ஸை வாசலிலேயே நிறுத்தி, 'ஹார்ட் டைம்ஸ்' ஒன்றை மட்டும் உள்ளே விட்டார். 1970இல் மனைவியோடு சேர்ந்து டிக்கன்ஸைப் பற்றி ஒரு முழுப் புத்தகம். அதில் டிக்கன்ஸ் மகத்தான கலைஞர். நடுவில் தாம் நடந்து வந்த இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றி அவர் கணக்குக் காட்டவில்லை. இரண்டாவது தீர்ப்புதான் சரியானது என்று நான் நினைக்கிறேன். இருந்தாலும் அதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது: முதல் தீர்ப்பையும் இதே தொனியில்தானே சொன்னார்?

ரிச்மண்ட் ரசிகர்கள் லீவிஸ் கட்சி. 2013, 2014, 2015 மூன்று வருஷமும் அவர்கள் அணி இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறிற்று. அதில் 2013இல் தோற்றது, எஸெண்டன் விலக்கப்பட்டதால் ஒன்பதாவது இடத்திலிருந்து மேலே வந்த கார்ல்டனிடம். கேலியை எழுதியவனே கூட இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க மாட்டான். 2016இல் பதின்மூன்றாவது இடம். ஒரு வருஷம் கழித்து, முப்பத்தேழு வருஷத்துக்குப் பின் கோப்பை வந்ததும், பழைய அபிப்ராயங்கள் மொத்தமும் ஒரே இரவில் தள்ளுபடியாயின. ரான்ஸ் அப்போது எதைச் செய்தாலும் சரி. இதுவும் ஒரு வகைக் குருட்டுத்தனம்தான். சந்தோஷமான குருட்டுத்தனம் என்பதால் யாரும் புகார் செய்வதில்லை.

அவர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் மதப் பிரிவைச் சேர்ந்தவர். 2015இலேயே ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார் என்று பேச்சு அடிபட்டு, கடைசியில் தங்கிவிட்டார். 2019 மார்ச்சில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கார்ல்டனுக்கு எதிராக முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருஷம் டிசம்பரில், முப்பது வயதில், இருநூறு ஆட்டங்களோடு ஓய்வை அறிவித்தார். ஆன்மிகத்துக்கும் குடும்பத்துக்கும் நேரம் வேண்டும் என்றார்.

இரண்டுக்கும் நடுவில் செப்டம்பர் வந்தது. ரான்ஸ் இல்லாமல் ரிச்மண்ட் எப்படித் தாங்கும் என்று கவலைப்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். 2019 இறுதியாட்டத்தில் ரிச்மண்ட் 114, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி 25. எண்பத்தொன்பது புள்ளி வித்தியாசம். எதிரணி ஆட்டம் முழுவதிலும் போட்டது மூன்றே கோல்.

அந்தப் பதிவை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பந்தைப் பின்தொடராமல், ரிச்மண்டின் பின்வரிசையில் அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தையே, காமிரா அந்தப் பக்கம் திரும்பியபோதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்கள்.