வீட்டுப் பட்டறைக்கு அடுத்த கருவி

மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலோ வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்திலோ சிறு பட்டறை அமைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் ஸ்டூல், அலமாரி, சாமி மாடம் என்று தாமே செய்து பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் பரவி வருகிறது. தச்சு வேலையைப் பிறர் விரும்பிக் கற்பது தொழிலில் உள்ளவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் அவ்வாறு கற்க வருவோர் கருவிக் கடையில் கேட்கும் முதற்கேள்வி, ‘அடுத்து எந்த மிஷின் வாங்கலாம்’ என்பதாகவே இருக்கிறது. கடைக்காரர் விற்க வேண்டியதைச் சொல்கிறார். வாங்குபவர் தவணையில் வாங்கிச் செல்கிறார். ஆறு மாதத்தில் அது துணி மூடிக் கிடக்கிறது. இத்தொழிலில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு இது வேதனை தருகிறது. அந்தக் கேள்வி மரத்தைப் பார்த்துக் கேட்கப்படாததே அதற்குக் காரணம்.

எந்தக் கருவி தேவை என்பதை நின்றுபோன வேலையே சொல்லிவிடும். கழுந்துப் பொருத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சட்டத்தின் முனையை இருபுறமும் செதுக்கி நாக்குப்போல் விடுவதைக் கழுந்து என்பர். அது மற்றொரு சட்டத்தில் வெட்டிய துளைக்குள் இறங்கி நிற்கும். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது தொழிலின் கணக்கு. அதற்கு மிஞ்சினால் துளைக்காரச் சட்டத்தின் சுவர் மெலிந்து பிளக்கும், குறைந்தால் கழுந்து ஒடியும். ஆகவே முக்கால் அங்குலச் சட்டத்தில் அலமாரிக் கதவு செய்ய முனைபவருக்குக் கால் அங்குல உளி வேண்டும். ஒன்றரை அங்குலச் சட்டத்தில் மேசைக் கால் இணைப்பவருக்கு அரை அங்குல உளி வேண்டும். ஆறு உளி கொண்ட பெட்டியை வாங்கி அதில் நான்கைத் துருவேற விடுவதைக் காட்டிலும், கையிலிருக்கும் சட்டத்தை அளந்து ஓர் உளியை நல்ல எஃகில் வாங்குவதே முறை. இவ்வளவு எளிய கணக்கைக் கடையில் எவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இயந்திரம் வாங்குவதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம், பலகையைச் சமப்படுத்த வேண்டும் என்பது. இங்கே ஒரு பிழையான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மரக்கடையில் கன அடிக் கணக்கில் வாங்கிய மரத்தை அங்கேயே அறுத்து, இழைப்பு இயந்திரத்தில் விட்டு வழுவழுப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தகைய மில் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது அதே இயந்திரத்தின் சிறிய வடிவத்தை வீட்டில் வைப்பது வீண் செலவு. அதைவிட முக்கியமானது, அந்த இயந்திரம் பலகையின் முறுக்கைப் போக்குவதில்லை என்பதாகும். முறுக்கு என்பது பலகையின் நான்கு மூலைகளில் ஒன்று மேலெழும்பி, தரையில் வைத்தால் பலகை ஆடுகின்ற கோணல். இயந்திரத்தின் உருளைகள் பலகையை அழுத்திப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. அழுத்தத்தில் பலகை நேராகிறது, மேற்புறம் சீவப்படுகிறது, மறுபக்கம் வெளியே வந்ததும் பழைய முறுக்குக்கே திரும்பிவிடுகிறது. கனம் எங்கும் ஒரே அளவாக இருக்கும், கோணல் அப்படியே இருக்கும். அத்தகைய பலகையில் செய்த கதவு எத்தனை முறை கீல் மாற்றினாலும் நிலையோடு ஒட்டி மூடாது.

முறுக்கைக் கண்டறிய, ஒரே அகலத்தில் நேராக இழைத்த இரண்டு குச்சிகள் போதும். பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடி, முன்குச்சியின் மேல்விளிம்பு பின்குச்சியின் மேல்விளிம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருபக்கம் மூடி மறுபக்கம் பிறைபோல் இடைவெளி தெரிந்தால், தெரிகிற பக்கத்துப் பின்மூலை உயர்ந்திருக்கிறது. அந்த மூலையையும் அதற்குக் குறுக்கெதிர் மூலையையும் மட்டும் கை இழைப்புளியால் சீவி, மீண்டும் குச்சி வைத்துப் பார்த்து, மீண்டும் சீவினால் பலகை அடங்கும். ஒரு பக்கம் அடங்கிய பின்னர் மில்லுக்குக் கொண்டுபோனால் மறுபக்கத்தை இயந்திரம் சரியாக முடித்துக்கொடுக்கும். வீட்டுப் பட்டறைக்கும் மில்லுக்கும் இருக்க வேண்டிய வேலைப் பங்கீடு இதுவே.

ஆகவே அடுத்த கருவி கை இழைப்புளி என்றால், எந்த இழைப்புளி என்ற கேள்வி எழும். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கி இரும்பு இழைப்புளிகளைப் பெருமளவில் செய்தபோது அவற்றுக்கு எண்கள் இட்டது. இன்று இவ்வகை இழைப்புளிகளை யார் செய்தாலும் பெரும்பாலும் அந்த எண்களே வழங்குகின்றன. 4ஆம் எண் ஏறத்தாழ 9 அங்குல நீளம், 5ஆம் எண் 14 அங்குலம், 7ஆம் எண் 22 அங்குலம். நீளம் அழகுக்காக அமைந்ததன்று. குட்டை இழைப்புளி பலகையின் பள்ளத்துக்குள் இறங்கி அதையும் சீவும், நீண்டது இரு மேடுகளின் மேல் பாலம்போல் நின்று மேட்டை மட்டும் சீவும். கடைகளில் எளிதில் கிடைப்பது 4ஆம் எண் என்பதால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். மூன்றடி, நான்கடிப் பலகைகளையே பெரும்பாலும் கையாளும் வீட்டுப் பட்டறைக்கு 5ஆம் எண்ணே ஏற்றது. ஒரே இழைப்புளிதான் வாங்க முடியும் என்றால் வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை.

எனினும், இழைப்புளிக்கும் உளிக்கும் முன்னால் வாங்க வேண்டிய ஒன்று உண்டு. அது தீட்டுவதற்கான கல். தொழிலில் உள்ளவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சோறு சமைக்க அடுப்பு வேண்டும் என்று யாரும் சொல்லாததுபோல் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வருவோரில் பத்துக்கு ஒன்பது பேர் கூர் இல்லாத அலகோடு மல்லாடி, மரத்தைப் பிய்த்து, ‘கைக்கருவி சரிப்படாது’ என்ற முடிவுக்கு வந்து மின்கருவிக்குப் போய்விடுவதற்கு இந்த மௌனமே காரணம். அந்தத் தவறில் மூத்த தச்சர்களுக்கும் பங்கு உண்டு.

இக்கட்டுரையாளர் தொழில் பயின்ற பட்டறையின் மூத்த ஆசாரி, புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் மூன்று மாதம் மரத்தில் கைவைக்க விட்டதில்லை. பட்டறையின் உளிகளையும் இழைப்புளி அலகுகளையும் தீட்டிக் கொடுப்பதே அவர்களுடைய வேலை. அவர்கள் தீட்டிய அலகை அவர் விரலால் தடவிப் பார்க்க மாட்டார். சன்னலருகே கொண்டுபோய், கூர்முனை தம்மை நோக்கி இருக்குமாறு பிடித்து, வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். மழுங்கிய முனை எவ்வளவு மெல்லியதாயினும் ஒரு தளம். தளம் இருந்தால் வெளிச்சம் பட்டு வெள்ளை இழையாக மின்னும். கூரான முனையில் வெளிச்சம் தங்க இடமில்லாததால் ஒன்றுமே தெரியாது. “வெள்ளைக் கோடு தெரியுது பாரு தம்பி, இன்னும் கல்லுல போடு” என்பார். கோடு மறைந்த பிறகு இலவ மரத் துண்டு ஒன்றின் முனைப்பக்கத்தை, அதாவது நார் அறுபட்டு நிற்கும் பக்கத்தை, அந்த உளியால் சீவச் சொல்வார். தேக்கை எந்த அரைகுறைக் கூரும் வெட்டிவிடும்; இலவம் மிருதுவானதால் கூர் போதாவிட்டால் நார் வெட்டுப்படாமல் நசுங்கி, பிய்ந்து, பொரிந்துபோகும். மெழுகைச் சீவியதுபோல் பளபளப்பாக வந்தால்தான் அன்றைய கணக்கில் அந்த உளி சேரும். பத்து உளியில் ஏழு திரும்பி வந்த நாட்கள் உண்டு. அவமானமாக இருந்த அந்த மாதங்கள்தாம் பின்னர் நாற்பது ஆண்டுகள் சோறு போட்டன.

தீட்டும் முறையில் மறைபொருள் எதுவும் இல்லை. முதலில் அலகின் தட்டைப் பக்கம் முனையருகே கண்ணாடிபோல் சமமாக வேண்டும்; கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு, ஒரு தளம் மேடுபள்ளமாக இருந்தால் அந்தக் கோடு ரம்பப் பல்லாகிவிடும். பிறகு சரிவான பக்கத்தை 25 முதல் 30 பாகைக்குள் தீட்ட வேண்டும். பாகைமானி தேவையில்லை: சரிவின் நீளம் அலகின் கனத்தைப்போல் இரு மடங்கு இருந்தால் அது 30 பாகை, இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் 25 பாகை. தீட்டத் தீட்டத் தட்டைப் பக்கத்தில் விரலில் உரசும்படி மெல்லிய பிசிறு எழும்பும். அது முனை நெடுகிலும் ஒரே சீராக எழும்பும்வரை நிறுத்தக் கூடாது. எழும்பியதும் நயமான கல்லுக்கு மாறி, அலகைத் தட்டையாகப் படுக்கவைத்துப் பிசிறை எடுக்க வேண்டும்.

கல் வாங்கக் காசில்லை என்பதும் சாக்காகாது. சமையல் மேடையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்காக அறுத்தெடுத்த கிரானைட் துண்டு எந்தக் கல் கடையிலும் அநேகமாகச் சும்மாவே கிடைக்கும்; அதன் மேல் தண்ணீர் தெளித்து, ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தரும் உப்புத்தாளை 220, 400, 1000, 2000 என்ற வரிசையில் ஒட்டவைத்துத் தீட்டினால் விலையுயர்ந்த கல்லுக்கு ஈடான கூர் வரும். தாள் விரைவில் தேயும் என்பது மட்டுமே குறை.

வெளிநாட்டு நூல்களைப் படித்துக் கற்போர் இந்த இடத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்நூல்கள் பெரும்பாலும் பைன் போன்ற இளகிய மரங்களை வைத்துப் பேசுகின்றன. இங்குள்ள தேக்கில் சிலிக்கா என்னும் மணற்சத்து கலந்திருப்பதால் அலகு விரைவில் மழுங்கும். வேம்பிலும் வேங்கையிலும் நார் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அப்படியுமாகப் பின்னிக்கிடப்பதால், எந்தத் திசையில் இழைத்தாலும் எங்கேனும் சிராய் பெயரும். அதற்கு மருந்து, புதிதாகத் தீட்டிய அலகும், அலகின் முதுகில் அமர்ந்து சுருளை மடக்கி ஒடிக்கும் மேல்தகட்டை முனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவதும்தான். இவ்விரண்டையும் செய்தவர், பிடிவாதமான வேப்பம்பலகையிலும் எதிரே எழுத்து தெரியுமளவு மெல்லிய சுருளை எடுப்பதைப் பட்டறையில் எப்போதும் காணலாம்.

இன்றைய பட்டறைகளில் உளியைக் கையிலெடுத்துக்கொண்டு ஆங்கிள் கிரைண்டரில் காட்டுகிறார்கள். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றுகிறது. சில நொடிகளில் முனையில் நீலம் பாய்கிறது. நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்பது பொருள். அந்த உளி அன்று மாலை வெட்டும், மறுநாள் மடியும், அதற்கடுத்த நாள் ‘இந்தக் கம்பெனி உளி சரியில்லை’ என்ற பேச்சு வரும். உளி ஏதும் பிழை செய்யவில்லை.

இதனினும் கொடியது, டைல்ஸ் அறுக்கும் மார்பிள் கட்டரில் பல்வைத்த தகடு மாட்டி மரம் அறுப்பது. அது நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடுவது. மரத்துக்கென்று செய்த கை வட்டரம்பம் ஏறத்தாழ 5,000 சுற்றில் ஓடுவதோடு, அறுத்து முடித்ததும் தானே விழுந்து பல்லை மூடும் காப்பும் உடையது. மார்பிள் கட்டரில் அந்தக் காப்பு இல்லை. மரத்தின் பிளவு இறுகித் தகட்டைப் பிடித்தால் கருவி கைக்காரரை நோக்கித் துள்ளும். தொழிலாளர்கள் அவசரத்துக்கும் கூலிக்கும் கட்டுப்பட்டு இதைச் செய்கிறார்கள், விரல்களை இழந்திருக்கிறார்கள். வீட்டில் விருப்பத்துக்காக வேலை செய்பவருக்கு எந்த அவசரமும் இல்லை. அவர் இதைக் கண்டு பின்பற்றுவதற்கு நியாயமே கிடையாது.

மின்கருவியே கூடாது என்பது இதன் பொருளன்று. துளையிடும் டிரில் முதல் வாரத்திலேயே வாங்கத் தக்கது. வளைவு அறுக்க நேர்ந்தால் ஜிக்சா. அதற்கு மேல் வாங்க நினைப்பவர் முதலில் தூசியைப் பற்றி நினைக்க வேண்டும்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இழைப்புளியிலிருந்து சுருள் விழுகிறது, இயந்திரத்திலிருந்து தூசி பறக்கிறது. சன்னல் அடைத்த அறையில், குழந்தைகள் உறங்கும் வீட்டில் இந்த வேறுபாடு சிறியதாகாது.

பிளைவுட்டை அறுத்து, லேமினேட் ஒட்டி, ஆணித் துப்பாக்கியால் அடித்து மூன்று நாளில் சமையலறை முடித்துக் கொடுப்பதே இன்று தச்சு வேலை என்று வழங்குகிறது. அதைச் செய்வோரின் உழைப்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத் தேவையில்லாத வேலை, அதைப் பார்க்கத் தெரிந்தவர்களைத் தொழிலை விட்டு வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அவர்களோடு அவர்களுடைய கருவிகளும் போகின்றன. மூத்த ஆசாரிகள் மறைந்த வீடுகளிலிருந்து கட்டை இழைப்புளிகளும் உளிகளும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அவற்றுள் சிலவற்றின் அலகில் துருவைத் தேய்த்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர முத்திரை தெரியும். மெல்லிரும்பின் மேல் கடின எஃகைப் பற்றவைத்து அடித்த அத்தகைய அலகு இன்றைய மலிவான அலகுகளைவிட நெடுநேரம் கூர் காக்கும்.

ஆதலால் அடுத்த கருவியைத் தேடுவோர் கடைக்குப் போகுமுன் தம் வீட்டுப் பரணையும், உறவினர் வீட்டுப் பரணையும், பழைய இரும்புக் கடையின் மூலையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்த அலகு கிடைத்தால் எடைக்குப் போட வேண்டாம். முனையிலிருந்து ஓர் அங்குலம்வரை தட்டைப் பக்கத்தில் ஆழமான குழி விழாமல் இருந்தால், கிரானைட் துண்டின் மேல் ஒரு பிற்பகல் செலவிட்டு அதை மீட்டுவிடலாம்.