பின்பக்கத்து முத்திரைகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் அக்கா. 2001இல் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே அப்பா அதை எடுத்துச் சென்று லேமினேஷன் செய்து கொண்டுவந்துவிட்டார். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் அவர். கரையானுக்கும் ஓட்டுக்கூரையின் ஒழுக்குக்கும் தப்பி எங்கள் வீட்டில் எந்தத் தாளும் நிலைத்ததில்லை. ஆகவே அந்தக் கண்ணாடித்தாள் உறை எங்களுக்கு ஒரு கோட்டையைப் போலத் தோன்றியது.

2009இல் ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் அக்காவுக்குக் கணித ஆசிரியை வேலை கிடைத்தது. சான்றளிக்கப்பட்ட பட்டச் சான்றிதழுடன் ஆறு வாரத்துக்குள் வரவேண்டும் என்றார்கள். அதுவரை அரசு அலுவலர் ஒருவரின் பச்சை மைக் கையொப்பத்தைத் தாண்டி எதையும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. சென்னை முகவர் ஒருவர்தாம் வழியைச் சொன்னார். முதலில் பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று பெறவேண்டும். அடுத்து மாநில அரசின் உயர்கல்வித் துறை. பிறகு டில்லியில் வெளியுறவு அமைச்சகம். அதன்பின் அமீரகத் தூதரகம். கடைசியாக, அங்கே போய் இறங்கியபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். உண்மைத்தன்மைச் சான்று மட்டுந்தான் தனித்தாள். மற்ற முத்திரைகள் எல்லாம் மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில் விழவேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சான்றிதழைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதன்மேல் மை நிற்காது, உறையைப் பிரித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

மறுபிரதிக்கு விண்ணப்பித்தால் மாதங்கள் ஆகும் என்று தெரிந்தது. பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூட்டினால் ஒட்டியதைச் சூட்டினால்தான் இளக்கவேண்டும். சூடு கூடினால் எழுத்து உறையோடு போய்விடும். ஊரில் நகலெடுக்கும் கடை வைத்திருந்த இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பருத்தித் துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமாக ஓட்டி, ஒரு மூலையிலிருந்து நூல்நூலாக உறையைத் தூக்கினார். பின்பக்கம் எளிதாக வந்துவிட்டது. முன்பக்கத்தில், துணைவேந்தரின் கையொப்பத்தை நெருங்கும்போது நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. அப்பா திண்ணைக்குப் போய்விட்டார். ஓரத்துப் பொன்னிறக் கோட்டில் ஒரு விரற்கடை அளவு உறையோடு போயிற்று. கையொப்பமும் அக்காவின் பெயரும் தப்பின. தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அப்பா அதை வாங்கவில்லை. "நான்தானே ஒட்டினேன்" என்று மட்டும் சொன்னார்.

பின்னர் அந்த முத்திரைகளின் வாசகத்தை வரிவரியாகப் படித்தபோது ஒன்றைக் கவனித்தோம். பட்டம் மெய்யானதா என்று நேரடியாக விசாரிப்பது பல்கலைக்கழகம் தரும் அந்த உண்மைத்தன்மைச் சான்று மட்டுமே. அதற்கு மேலுள்ள ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரின் கையொப்பத்துக்கும் முத்திரைக்குமே பொறுப்பேற்கிறார்கள். சான்றிதழின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதியும் விடுகிறார்கள். இந்தச் சங்கிலியைச் சுருக்கவே 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. ஓரக்குறிப்பு என்று பொருள்படும் 'அப்போஸ்தீய்' என்னும் பிரெஞ்சுச் சொல்லே அச்சான்றுக்குப் பெயர். நாம் அப்போஸ்டில் என்கிறோம். அந்த ஒற்றைச் சான்று இருந்தால் தூதரகப் படியேற வேண்டியதில்லை. இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இரு நாடுகளும் உடன்படிக்கையில் இருக்கவேண்டும். அமீரகம் அன்று அதில் இல்லை. சவூதி அரேபியாவுக்கு அது 2022 டிசம்பரிலும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. டில்லியில் செய்துவந்த வேலையை 2019 முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வெளியுறவு அமைச்சகம் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. இன்று புறப்படுகிறவர்களுக்கு அலைச்சல் குறைவு. ஆயினும் அப்போஸ்டிலும் கையொப்பத்துக்கே சான்று, படிப்புக்கு அன்று.

அதில் குறையொன்றும் இல்லை என்றே இப்போது நினைக்கிறோம். முன்பின் அறியாத ஒருத்தியை அயல்நாடு நம்புவதற்கு வேறு வழி ஏது? ஆனால் அக்கா படித்தாள் என்பதை நேரில் கண்டவர் ஒருவர் இருந்தார். விளக்கணைத்தால் அவளுக்குப் பயமாக இருக்கும் என்று தாமும் உறங்காமல் தீப்பெட்டிக் கணக்கோடு எதிரே உட்கார்ந்திருந்தவர். அவருடைய கையொப்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்தத் தாளில் இடமும் இல்லை.

ஐந்தாம் வாரத்தில் சான்றிதழ் டில்லியிலிருந்து திரும்பி வந்தது. அப்பா அன்றுதான் அதை மறுபடி கையில் வாங்கினார். பின்பக்கத்து முத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு முன்பக்கம் திருப்பி, பொன்கோடு பெயர்ந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிந்ததல்லவா? இனி லேமினேஷன் செய்துவிடலாமா?" என்று கேட்டார்.

ஷார்ஜாவில் இன்னும் ஒரு முத்திரை பாக்கியிருக்கிறது என்று சொன்னோம்.