சீட்டில் இருக்கும் நிறம்

2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் உயிரோடு பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடித்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஆப்பிரிக்க மலைப்பாம்புகளோடு சோளப் பாம்புகளும் அதில் இருந்தன. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் எலி பிடித்துத் தின்று வாழும், விஷமில்லாத, சாதுவான பாம்பு அது. அதைப் பெருக்கி விற்பவர்கள் யார் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அங்கே புளோரிடா மாநிலத்து டாம்பாவில் வேலை பார்க்கும் நண்பர், “என் மகளுக்கு ஒரு அம்மாவிடம்தான் வாங்கினோம், வாங்க போகலாம்” என்று அழைத்துப் போனார்.

அந்த அம்மா இருக்கும் போல்க் கவுண்டி ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் பேர்போனது. அவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் இளம் வயதிலிருந்து நின்றே வேலை செய்தவர். 2005இல் புளோரிடாவில் தென்பட்ட ‘கிரீனிங்’ நோய் தோப்புகளை அழித்துக்கொண்டே வந்தது. ஒருநாள் கூடத்தையும் மூடிவிட்டார்கள். அதுவரை ஆசைக்கு வளர்த்த பாம்புகள்தான் அதன்பிறகு அவருக்குச் சோறு போட்டன.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் சுவர் நெடுக அலமாரிகள். அவற்றில் இழுத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டிகளின் பின்புறம் சூடேற்றும் பட்டை ஓடுகிறது. சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. உள்ளே மரச்சீவல், தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம், ஒரு பாம்பு.

முதல் பெட்டியில் காட்டில் இருப்பது போன்ற பாம்பு: ஆரஞ்சு உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட செந்நிறத் திட்டுகள். அடுத்ததில் கறுப்பே இல்லை. கண் உட்பட எல்லாம் சிவப்பு. இதற்கு ‘அமெல்’ என்று பெயர். சிவப்பு இல்லாமல் சாம்பலும் கறுப்புமாக இருப்பது ‘அனெரி’. இரண்டும் இல்லாதது ‘ஸ்னோ’, இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை. ‘பால்மெட்டோ’ என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். வெள்ளை உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறப் புள்ளிகள். அதன் மூதாதை தென் கரோலினாவில் காட்டில் கிடைத்ததாம். இந்த நிறங்களில் பலவும் இப்படித்தான், எங்கோ காட்டில் பிறந்த ஒற்றைப் பாம்பிலிருந்து வந்தவை. கறுப்பற்ற முதல் பாம்பு 1953இல் வட கரோலினாவில் பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டல் என்ற தோல் மருத்துவர் அதை இனம் சேர்த்து, அந்த நிறம் தலைமுறை தாண்டி எப்படி வருகிறது என்று 1960களின் தொடக்கத்தில் காட்டினார். 2015இல்தான் ஜெனீவா ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மரபணு ஓசிஏ2 என்று கண்டார்கள்.

குளிர்காலத்தில் இரண்டு மாதம் பட்டினியும் குளிருமாக வைத்து, வசந்தத்தில் இணை சேர்க்கிறார்கள். பத்திருபது முட்டைகள், ஈரமான வெர்மிகுலைட் துகள்களில் இரண்டு மாதம் போல இருக்கும். குட்டிகளில் ஆண் எது, பெண் எது என்று பார்க்கும் வேலையை நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது.

ஓர் அமெலையும் ஓர் அனெரியையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நிறக்குறையும் அவற்றின் உள்ளே மறைந்திருக்கும். ‘ஹெட்’ என்கிறார்கள். அவை வளர்ந்து முட்டையிட மூன்றாண்டு ஆகும். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறில் ஒன்று ஸ்னோவாக வரலாம், வராமலும் போகலாம். அதே ஈட்டில் கறுப்போடு பிறந்த குட்டி ஒவ்வொன்றும் அமெலை மறைத்து வைத்திருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அதைச் சீட்டில் ‘66% ஹெட்’ என்று எழுதுகிறார்கள். வாங்குபவர் கண்ணால் பார்த்து இதைச் சரிபார்க்கவே முடியாது. ஆண்டுக்கணக்கில் பார்த்த வேலை முழுவதும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

அவருடைய கணக்கு நோட்டுகளைக் காட்டினார். எதோடு எது இணை, எத்தனை முட்டை, எது சட்டை உரித்தது, எது தின்னவில்லை. தின்னாத குட்டிகள்தான் அவருக்குப் பெருங்கவலை. குட்டி முதல் சட்டை உரித்த பிறகே இரை எடுக்கும். கொடுப்பது மயிர் முளைக்காத எலிக்குஞ்சு. சில குட்டிகள் அதைத் திரும்பியும் பார்க்காது. காட்டில் அவற்றின் முதல் இரை சின்னப் பல்லிகள். அதனால் அனோல் பல்லியின் வாசனையை எலிக்குஞ்சின்மேல் தேய்த்துக் காத்திருக்கிறார். தானாகத் தின்னப் பழகாத குட்டியை அவர் விற்பதில்லை.

‘சன்கிஸ்டு’ என்ற அழகான நிறத்தின் வழியில் ஒரு நோயும் கலந்து வந்தது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்தக் குறையைப் பெற்ற குட்டிக்குத் தலை மேல்நோக்கி முறுக்கிக்கொள்ளும். உடம்பு புரண்டு விழும். நட்சத்திரம் பார்ப்பது போல இருப்பதால் ‘ஸ்டார்கேஸர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் குறையுள்ள பாம்போ பார்க்க நன்றாகவே இருக்கும். இப்போது உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கண்டுபிடித்துவிடலாம். இந்த அம்மா தம்முடைய பாம்புகளைச் சோதித்து, குறையுள்ளவற்றை இணை சேர்ப்பதையே நிறுத்திவிட்டார். அவற்றில் அவர் மிக உயர்வாக நினைத்த ஓர் ஆண் பாம்பும் உண்டு. அது இன்றும் அலமாரியில் தின்றுகொண்டு இருக்கிறது. அதன் சீட்டில் சிவப்பு மையில் கோடு.

மொத்த வியாபாரிகளைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. முட்டை பொரியும் பருவத்தில் வந்து, குட்டிகளை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கடை விலையில் ஒரு துளிதான் கொடுப்பார்கள். பத்து இடத்துக் குட்டிகளை ஒரே கூடையில் கொட்டி, சீட்டைக் கிழித்து எறிவார்கள். யாருடைய குட்டி, எதன் ஹெட், ஸ்டார்கேஸர் சோதனை நடந்ததா, எதுவும் கடைக்குப் போகாது. ஒரு பிள்ளை ஆசையாக வாங்கிப் போய் அந்த நோய்க் குட்டியோடு திண்டாடும்போது அந்த வியாபாரி எங்கே இருப்பான்? உழைப்பவளின் விலையை அடிப்பதோடு அவன் நிற்பதில்லை. அவள் உண்மையையும் கிழித்துப் போடுகிறான். சென்னையில் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த பாம்புகளிடமும் சீட்டு இருந்திருக்காது. பெயரில்லாத பண்டமாக்கினால்தான் ஓர் உயிரைத் துணிப்பையில் கட்டி விமானத்தில் ஏற்ற மனம் வரும்.

இப்போது அவர் மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஆகஸ்டில் டேடோனா பீச்சில் கூடும் கண்காட்சியில் மேசை எடுத்து நேரிலேயே விற்கிறார். மேசைக்கும் தங்கும் விடுதிக்கும் போக மிஞ்சுவது அதிகமில்லை என்றார். ஆனால் பாம்பு வாங்குகிறவரிடம் சீட்டைக் கொடுத்து, வரிவரியாகப் படிக்கவைத்து, புரிந்ததா என்று கேட்ட பிறகே பணம் வாங்குவாராம். “அவசரம் என்று சொல்பவருக்கு நான் விற்பதே இல்லை” என்றார்.