பறவை விரட்டிய கை

"கோடிக்கரையா? அங்க யாரு செத்துட்டாங்க?"

பையில் இரண்டு புடவையும் ஒரு துண்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டது இது. யாரும் சாகவில்லை, சும்மாதான் போகிறேன், கடலையும் பறவைகளையும் பார்த்துவிட்டு மூன்று நாளில் வந்துவிடுவேன் என்றேன். "குருவி பாக்கவா? இங்க இல்லாத குருவியா?" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போலீசு கேசு ஏதாவதா?" என்று குரலைத் தாழ்த்தினாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் சேரியில் வெளியூர்ப் பயணம் என்றால் சாவு, கல்யாணம், கரும்பு வெட்டு, செங்கல் சூளை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு. வேண்டுதல் இருந்தால் மேல்மலையனூர். இவற்றில் ஒன்று இல்லாமல் யாரும் பஸ் ஏறி அவள் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கும் மேலாக இயக்க வேலை. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணிக்கு நினைவு நாளில் போயிருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிய வண்டியில் போய், எந்தத் தெருவுக்கு நிவாரணம் போய்ச் சேரவில்லை என்று பட்டியல் எழுதியிருக்கிறேன். அந்தப் பயணங்களில் கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது.

தோழிதான் கூப்பிட்டாள். ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்திருந்தோம். என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போய்ப் பறவை காட்டக் காட்ட, அவளுக்கே அந்தப் பித்து பிடித்துவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறாள். கூட்டம் இருக்கிறது, அறிக்கை எழுத வேண்டும் என்று நான் இழுத்தேன். "ஒரு பிரச்சினையும் இல்லாத எடத்துக்குப் போவத் தெரியாதாடி ஒனக்கு?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சனங்கள் இருக்கிற நிலையில் நாம் குருவி பார்த்துக்கொண்டிருப்பதா என்று மேடையில் பேசுவதுபோல் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "1934ல அம்பேத்கரே சுத்திப் பாக்கப் போனாருடி."

தெரியும். அவரே எழுதியிருக்கிறார். இயக்கத் தோழர்கள் முப்பது பேர் அளவில் சேர்ந்து எல்லோராக் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டு, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போனார்கள். பயணத் தூசியை வாசலில் இருந்த குளத்தில் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை போட்டு, ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவனைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். தீண்டாமைக்குச் சாட்சியாக இந்த நிகழ்ச்சியை எத்தனையோ கூட்டத்தில் நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்பது ஒருமுறைகூட என் மனசில் உறைத்ததில்லை. ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போனார்கள். பார்க்க ஆசைப்பட்டார்கள், போனார்கள்.

ஐப்பசிக் கடைசியில் கிளம்பினோம். தமிழ் படித்தவர்களுக்கு அது கூதிர்காலம்.

வேதாரண்யத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஒரு தங்கும் விடுதியில் அறை கேட்டோம். "ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று தொடங்கினார் மேசையில் இருந்தவர். எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கி, முகவரியில் 'காலனி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "ரூம் இல்லீங்க." அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின. "சாவியெல்லாம் தொங்குதேண்ணே" என்றாள் தோழி. அவர் பதில் சொல்லவில்லை. நான் சண்டைக்கு நின்றேன். தோழர்களுக்குப் போன் போடலாம், புகார் எழுதலாம் என்றேன். நேரத்தையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் பழக்கப்படி நோட்டில் எழுதிக்கொண்டேன். தோழி என் கையைப் பிடித்தாள். "எழுதிக்க. புகாரும் குடுப்போம். ஆனா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பறவை பாக்கப் போறோம். அத இவன் கெடுக்க விடமாட்டேன்." இரண்டாவதாகக் கேட்ட இடத்தில் அறை கிடைத்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே கோடியக்கரை போகும் சாலையில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்துக் கைதான இடம். அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீரில் முங்கிக் கிடந்தன. விளைந்த உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வருஷமாக உப்பு வாருகிறவர். பாதம் வெடித்து, வெடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"இப்ப வேலை எப்படிங்கய்யா?"

"மழ எறங்கிட்டா எங்களுக்கு லீவுதாம்மா. சம்பளமில்லாத லீவு. தை, மாசி ஆவும் மறுபடி பாத்தி கட்ட." எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க பாக்க வந்த நாரைங்க இருக்கே, அதுங்களுக்கு இதுதான் சீசன். நாங்க எறங்குற எடத்துல அதுங்க எறங்கும்."

எம்.ஏ. தேர்வில் நெய்தல் திணையின் முதல், கரு, உரி எல்லாம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். தொழில்: மீன் பிடித்தல், உப்பு விளைவித்தல். ஒரே வரிதான். அந்த வரிக்கு மழைக்காலத்தில் கூலி கிடையாது என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குட்டை குட்டையான பசுமை மாறாக் காடு, நடுவில் புல்வெளி. சரணாலயம் அமைந்ததே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். புல்வெளி ஓரத்தில் தோழி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பழுப்பு நிறத்தில் பிணைகள் ஐந்தாறு. சற்றுத் தள்ளி ஒரு ஆண். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கி முறுக்கி மேலே போகும் கொம்பு. "இரலைடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அகநானூறு படிக்கும்போது அந்தச் சொல்லுக்கு 'ஆண்மான்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். சொல்லைத் தெரிந்து பல வருஷம் கழித்து அந்த விலங்கைப் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று தோழி கேட்கவில்லை. அவளுக்கும் முதல் தடவை அப்படி வந்திருக்கும்.

மத்தியானத்துக்குமேல் சதுப்புக்குப் போனோம். தூரத்தில் பூநாரைகள். நூறுக்கு மேல் இருக்கும். வெறும் கண்ணுக்கு வெள்ளைக் கோடு. பைனாகுலரில் பார்த்தால் இளஞ்சிவப்பு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, சேற்றை அலசி அலசித் தின்றன. "உப்புத் தண்ணியில இருக்கிற பாசி, சின்ன எறா, இதத் தின்னுதான் அந்த நெறம் வருது" என்றாள், வகுப்பில் சொல்வதுபோல.

பக்கத்துச் சேற்றில் கொசு உள்ளான்கள் கூட்டமாக ஓடின. முப்பது கிராம்கூட இல்லாத குருவி. வடகோடியில் ஆர்க்டிக் துந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன்னால் இவ்வளவு தூரம் வருகிறது என்றாள். அவை மேய்ந்துகொண்டே எங்களுக்கு மிக அருகில் வந்துவிட்டன. அப்போது அது நடந்தது. என் வலது கை தானாக உயர்ந்தது. "ச்சூ..." என்று வாயிலிருந்து சத்தம் வந்தது. அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் போய்விட்டன.

"ஏண்டி வெரட்டுன?"

எனக்கே தெரியவில்லை. கை அப்படியே நின்றது. பிறகுதான் அவளிடம் சொன்னேன், விடுதியில் நான்கு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் சொல்லாததை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அறுப்புக் காலத்தில் ஆண்டை வீட்டுக் களத்தில் காயும் நெல்லுக்கு நான்தான் காவல். கையில் ஒரு குச்சி. காக்கா, மைனா, புறா, கோழி எல்லாவற்றையும் விரட்ட வேண்டும். ஒருநாள் வேலியோரம் ஒரு செம்போத்து நடந்து வந்தது. செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்புக் கண். அதையே பார்த்துக்கொண்டு வேலிவரைக்கும் போய்விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பினால் நெல்லில் புறாக்கூட்டம். ஆண்டை வீட்டம்மா சாதிப் பேரைச் சொல்லித் திட்டியதோடு விடவில்லை. சாயங்காலம் கூலி அளக்கும்போது அம்மாவுக்கு ஒரு மரக்கால் நெல்லைக் குறைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மா அந்தக் குச்சியாலேயே என்னை அடித்தாள். அன்றைக்குப் பிறகு எந்தப் பறவையையும் நான் நின்று பார்த்ததில்லை. பறவை என்றால் எனக்கு விரட்டுவதற்கானது. 

தோழி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்க வூட்டுலயும் மல்லாட்டக் கொல்லையில காக்கா ஓட்டுற வேலதான் எனக்கு" என்றாள் கடைசியில்.

மறுநாள் சனிக்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். கடற்கரையில் கருவாட்டுக்கு மீன் பரப்பியிருந்தார்கள். இந்தப் பருவத்தில் வேறு ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து இங்கே குடிசை போட்டுத் தங்குவது வழக்கம். மீனுக்குக் காவலாக ஒரு சிறுமி, கையில் குச்சி. மேலே காக்கையும் செம்பருந்தும் வட்டமடித்தன. நெய்தல் பாட்டில் வருகிற புள் ஓப்பும் பெண் இவள்தான் என்று என் படிப்பு சொன்னது. களத்தில் நின்ற நான் இவள்தான் என்று என் கை சொன்னது.

"அதுல என்னக்கா தெரியும்?" பைனாகுலரைக் காட்டிக் கேட்டாள். தோழி கழற்றிக் கொடுத்தாள். கடல்மேல் ஆலாக்கள் பறந்து பறந்து குத்திட்டு விழுந்துகொண்டிருந்தன. சிறுமி வாயைத் திறந்தபடி பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு காக்கை மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

குடிசைப் பக்கமிருந்து அவள் அம்மா கத்திக்கொண்டே வந்தாள். சிறுமி பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டேன். "பாப்பா பாக்கட்டுங்கக்கா. நான் ஓட்டுறேன். எனக்குப் பழக்கந்தான்" என்றேன்.

அந்தம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊரு? என்ன ஆளுங்க நீங்க?"

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடலோரத்து நிவாரண முகாம்களில்கூட நம் சனங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதைப் படித்தவள் நான். சாதியை மறைத்து ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்துவிடலாம். அப்படி இருக்க வேண்டாம் என்று தோன்றியது. சொன்னேன். அந்தம்மா பதிலே பேசவில்லை. நிழலில் வந்து உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகளைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவேயில்லை. "சரி, மேல பருந்து வருது, அதப் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். நான் காக்கை ஓட்டினேன். தோழி அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு பறவையாகப் பேர் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகிறாயா என்றும் கேட்டு வைத்தாள். ஒரு மீன்கூடப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் விடுதிக்காரர் சொன்ன வார்த்தைகள். அடுத்த பக்கத்தில் இரலை, பூநாரை, கொசு உள்ளான், ஆலா. முதல் பக்கத்துக்குப் புகார் மனு எழுதி முடித்தேன். இரண்டாவது பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செம்போத்தைப் பற்றியும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா என்று. செம்போத்து அவளுக்கு ஞாபகமில்லை.

"ஒரு மரக்கா நெல்லு" என்றாள் உடனே. "அடிச்சிருக்கக் கூடாது ஒன்ன."

அதற்குப் பிறகு சும்மா இருந்தாள். உலை கொதித்தது. அரிசியைப் போட்டுவிட்டு வந்து, "அந்தச் சின்னக் குருவி நெசமாலுமே அவ்ளோ தூரத்துலேர்ந்து வருதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அடுத்த தபா போனா சொல்லு. நானும் வரேன். கடல நான் பாத்ததே இல்ல."